மூக்குச் சக்கரம் உடைந்தது, அடுத்த தவணையைக் கட்டலாமா?

விமானியாகப் படிக்கும் மகனுக்கு வங்கிக் கடனில் அடுத்த தவணைக் கட்டணம் கட்டலாமா என்று ஒரு அம்மா கேட்கிறார். அவன் பயிற்சியில் தனியே ஓட்டிய செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஓடுபாதையில் மூன்று முறை குதித்து, மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் உரசி நின்றிருக்கிறது. மகனுக்குக் காயமில்லை. “விழாமல் சைக்கிள் பழக முடியுமா? நிலத்தை வித்தாவது முடிக்க வைங்க” என்கிறார் தாய்மாமன். பையனோ, ஓட்டுவதைவிட விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரோடு ரேடியோவில் பேசுவதுதான் பிடிக்கிறது என்று விபத்துக்கு முன்பே சொல்லிவிட்டான்.

அம்மா, இந்த விபத்தால் அவன் லாயக்கில்லாதவன் ஆகிவிடவில்லை. இந்த விமானம் சுமார் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் இறங்க வேண்டும். பத்து நாட் கூடினாலே தரையைத் தொடாமல் மிதக்கும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதி எகிறும். மறுபடி அழுத்த, அடுத்த குதி இன்னும் பெரிதாகும். முதல் குதியிலேயே முழு த்ராட்டில், அதாவது எஞ்சினுக்கு முழு விசை, கொடுத்து மேலேறி, ஒரு சுற்று சுற்றி வந்திருக்க வேண்டும். பழகினால் வந்துவிடும்.

அதற்காக நிம்மதியாகப் பணம் கட்டப் போய்விடாதீர்கள். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கினாலும், ஏர்பஸ் 320 போன்ற விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, தனி, அதற்கும் பல லட்சம். வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. சைக்கிளுக்கு டைப் ரேட்டிங் இல்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

அவன் கேட்கும் டவர் வேலைக்கு நேரான வழி இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு ஜூனியர் எக்ஸிகியூட்டிவ்களை எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், ஆனால் கல்லூரிக்குப் போய்ப் படித்ததாக இருக்க வேண்டும். தொலைதூரக் கல்வி செல்லாது. பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். வயது வரம்பு 27, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அண்மைய தேர்வுகளில் 120 கேள்விகள், 2 மணி நேரம். அவற்றில் பாதி கணிதமும் இயற்பியலும் சேர்ந்து. தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பிறகு குரல் தேர்வு: ஆங்கிலம் அலங்காரமாக வேண்டாம், திக்காமல் தெளிவாக வர வேண்டும். மனநலம், மருத்துவம், போதைப்பொருள் சோதனைகளும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா போன்ற மையங்களில். இரவு ஷிஃப்ட் உண்டு, எந்த ஊருக்கும் மாற்றுவார்கள், ஊர் மாறினால் அங்கே மறுபடி தகுதி பெற்றாக வேண்டும். பறக்கப் படித்த வானிலையும் நேவிகேஷனும் வீண்போகாது.

இந்த வாரமே, அடுத்த தவணையை விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பறந்த மணிக்கணக்கைச் சான்றொப்பத்துடன் வாங்குங்கள். பழுதுச் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் படித்துப் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.