கிட்டங்கி அண்ணாச்சி பதில்கள்

(தூத்துக்குடியில் மூலிகைச் சரக்கு ஏற்றுமதிக் கிட்டங்கி ஒன்றில் 38 வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: நிலாவாரை இலையை நாங்கள் சாக்குச் சாக்காகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுச் சில்லறையோடு வருகிறோம். அமெரிக்காவில் என் மச்சினன் அதே இலையை மலச்சிக்கல் மாத்திரையாக டாலர் கொடுத்து வாங்குகிறானாம். நடுவில் தின்பது யார் அண்ணாச்சி?
– விவசாயி, விளாத்திகுளம்

ப: தின்கிறவர்கள் உண்டு. அந்தக் காசில் நானும் 38 வருடம் சம்பளம் வாங்கியவன்தான், மறைக்கவில்லை. ஆனால் மச்சினர் வாங்குவது இலை இல்லையே. அந்த டப்பாவில் பெரும்பாலும் ‘சென்னோசைடு 8.6 மில்லிகிராம்’ என்று போட்டிருக்கும். வயிற்றை இளக்கும் நிலாவாரைச் சத்துக்குத்தான் அந்தப் பெயர். எந்த மாத்திரையை எடுத்தாலும் அந்த 8.6 இருந்தாக வேண்டும். உங்கள் காட்டு இலையில் அந்தச் சத்து எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, கண்ணால் பார்த்து எனக்கும் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் நிறமும் குச்சியும் மண்ணும்தான். ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் துணியில் உதறுவேன். பச்சை மாறாத இலைக்கு ஒரு விலை, மழையில் நனைந்து கறுத்ததற்கு ஒரு விலை. உலகத்து மருந்துப் புத்தகங்களில் ‘டின்னவேலி சென்னா’ என்று நம் திருநெல்வேலிப் பெயரிலேயே இருக்கிற சரக்கு ஐயா இது. பெயரோடு சரி.

எங்கள் கன்டெய்னர் ஒன்று ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். பூச்சிமருந்து மிச்சமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. கிலுகிலுப்பை! இலை உருவும்போது கூடவே வந்த களை. சின்னப் பிள்ளையில் காய்ந்த காயைக் காதோரம் ஆட்டி விளையாடிய செடி கன்டெய்னரைத் திருப்பும் என்று எவன் கண்டான்? அதிலும் தேள்கொடுக்கு என்ற களையிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. ஈரலைக் கெடுக்கும். 2022 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் மூலிகைத் தேநீர் போன்றவற்றில் இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. சோதனைக் கருவிக்கு ஒரு சாக்கில் நாலைந்து செடி கலந்தாலே போதும். கப்பல் கூலி இரண்டு தடவை, சோதனைச் செலவு, முதலாளியிடம் வாங்கிய வசவு எல்லாம் சேர்ந்து அடுத்த வருடம் உங்கள் கொள்முதல் விலையில்தான் இறங்கியது. வியாபாரம் அப்படித்தான், நஷ்டம் எப்போதும் கீழ்நோக்கியே ஓடும்.

அதனால், களை பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். தார்ரோட்டில் காயப்போடாதீர்கள், லாரி டயர் ஏறிய இலையை நானே எத்தனையோ முறை ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே லாட்டாகப் போடுங்கள். சென்னோசைடு அளவுக்கும் அந்தக் களைச்செடி நஞ்சுக்கும் நீங்களே ஆய்வகத்தில் சோதனை எடுத்து, அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். தரகர் முகம் மாறும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

கே: மகள் அமெரிக்காவில் மாசமாக இருக்கிறாள். எங்கள் குடும்ப வைத்தியர் செய்து தரும் செந்தூரமும் லேகியமும் அனுப்பலாமா? அங்கேயே கடைகளில் ஆயுர்வேத மருந்து குவிந்து கிடக்கிறதாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

ப: செந்தூரம் வேண்டவே வேண்டாம் டீச்சர், உலோகத்தையும் பாஷாணத்தையும் புடம் போட்டு, அதாவது நெருப்பில் எரித்து, எடுக்கிற பொடி அது. நான் வைத்தியன் இல்லை, சரக்குப் பார்த்தவன். பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் 70 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிச் சோதித்து, முடிவை 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துக்கு உலோகச் சோதனை கட்டாயம் என்ற நம் அரசின் உத்தரவு நடைமுறைக்கு வந்ததே 2006இல்தான். முறையாகப் புடம் போட்டால் தோஷம் போய்விடும் என்பார் உங்கள் வைத்தியர். போட்டதற்கு டப்பாவில் என்ன அத்தாட்சி?

அங்கே கடையில் இருக்கிறது என்பதையும் நம்பாதீர்கள். 1994இல் வந்த அவர்கள் சட்டப்படி அவை ‘உணவுத் துணைப்பொருள்’ கணக்கில் வரும். மருந்தைப் போல, விற்குமுன் அரசு சோதித்து அனுமதிப்பதில்லை. மகளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் லேகியமும் வேண்டாம். உப்பு நார்த்தங்காய் அனுப்புங்கள், வாய்க்கசப்புக்கு இதமாக இருக்கும்.

கே: மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் காப்புரிமை வாங்கிவிட்டானாம். நம் அரசு தூங்குகிறதா?
– வாட்ஸ்அப்பில் படித்தவர், ஈரோடு

ப: 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காயம் ஆற்ற மஞ்சள் என்று வாங்கியது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997இல் ரத்துச் செய்ய வைத்தது. உங்களுக்கு வந்த செய்தி கால் நூற்றாண்டு தாமதம்.

கே: முருங்கை இலைப் பொடி ஏற்றுமதியில் மாதம் லட்ச ரூபாய் என்கிறார்கள் யூடியூபில். ஐ.டி. வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

ப: இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ இலையை உருவி, கழுவி, மாடியில் நிழலில் காயவைத்து அரையுங்கள். முருங்கை இலையில் முக்கால் பங்கும் தண்ணீர்தான். கடைசியில் தராசில் நிற்பது எத்தனை கிராம், நிறம் பச்சையா பழுப்பா என்று எழுதி அனுப்புங்கள். வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.