பச்சையும் பழுப்பும் சேரும் இடம்

கேள்வி: 1/48 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலை ஒட்டி முடித்து, பழுப்பின் மேல் பச்சை அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். உரித்ததும் இரண்டு நிறமும் சேரும் இடத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கிறது. ஓரிரு இடத்தில் டேப்போடு பழுப்பும் பெயர்ந்து வந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– வாசகர், திருச்சி

பதில்: நான் சைன்போர்டு எழுதக் கற்ற காலத்தில் இப்படி வரப்பு விட்டால் முதலாளி மர ஸ்கேலால் விரல் மேலேயே ஒன்று வைப்பார். பெயிண்ட் கெட்டியாக இருந்தது, ஒரே தடவையில் மூட நினைத்தீர்கள், காரணம் அவ்வளவுதான். பால் பதத்துக்குக் கரைத்து, பனி விழுவது போல மூன்று நான்கு தடவை அடியுங்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு டேப்பே சரியில்லை என்பேன். நிஜ விமானத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் இடம் ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம். 48-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம். 1/72 மாடலில் அதுவும் இல்லை, 0.35 மி.மீ. கத்தியால் கீறியது போலவும் இருக்கக் கூடாது, புகை மாதிரியும் பரவக் கூடாது. இதற்குத் தோதானது சுவரில் படம் ஒட்டும் புளூ-டாக். அதை முறுக்குப் பிழியும் கனத்துக்கும் குறைவாக, 3 மி.மீ. திரியாக உருட்டி, கோட்டின் வளைவோடு வையுங்கள். லேசாகத் தொட்டால் போதும், அழுத்தி நசுக்க வேண்டாம். திரியின் அடிப்பக்கம் உருண்டையாக இருப்பதால் ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி கிடைக்கும், அந்த அரை மில்லிமீட்டர் அங்கேதான் பிறக்கிறது. திரிகளுக்கு நடுவே பழுப்பாக நிற்க வேண்டிய பரப்பைக் காகிதத்தாலும் டேப்பாலும் மூடிவிடுங்கள். ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்த்தால் பெயிண்ட் திரிக்கு அடியில் புகுந்துவிடும்.

காசு மிச்சம் என்று ஒருமுறை மகளின் கலர் களிமண்ணை எடுத்து உருட்டினேன். அதிலிருந்த எண்ணெய் இறக்கை முழுக்கக் கறையாக நின்றது, அடுத்த கோட்டிங் அங்கே ஒட்டவே இல்லை. புளூ-டாக்கையும் சித்திரை வெக்கையில் இரவு முழுக்க விட்டு வைக்காதீர்கள். இளகிப் படர்ந்து கோடே மாறிவிடும். அடித்து, கைக்கு ஒட்டாத பதம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

டேப்புக்கும் இடம் உண்டு. ஜெர்மன் ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்தின் மேல்பக்கம் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி நேர்கோடுகளும் கூர்மூலைகளும்தான், அங்கே டேப்பே ராஜா. சுருளின் ஓரத்தில் தூசி ஏறியிருக்கும். எனவே கண்ணாடி மேல் ஒட்டி, புது பிளேடால் ஓரத்தைச் சீவிக்கொள்ளுங்கள். ஒட்டியபின் முதலில் கீழே இருக்கும் அதே நிறத்தை ஒரு தடவை அடித்தால் இடுக்குகள் அடைபடும். அதற்குமேல் வரும் நிறம் கசியாது.

அப்புறம், பெயிண்ட் பெயர்ந்த கதை. பெட்டியிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் அச்சுக்குப் பூசிய வழுக்கு எண்ணெயின் மிச்சம் இருக்கலாம், கை வியர்வை வேறு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் கேட்கிறேன். டேப்பை முதலில் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசையின் வேகம் குறையும். உரிக்கும்போது மேலே இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்து, மெல்லப் பின்னால் இழுங்கள்.

இப்போதைக்கு இந்த மாடலைத் தூக்கிப் போட வேண்டாம். பெயர்ந்த இடத்தின் விளிம்பையும் அந்த வரப்பையும் 2000 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (நைசான உப்புத்தாள்) ஈரத்தோடு தேய்த்துச் சமமாக்குங்கள். பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில் பிரைமர், அதன்மேல் பழுப்பு. இரண்டு நாள் காயட்டும். பிறகு திரியை உருட்டலாம்.