கெர்னலை எங்கிருந்து படிப்பது?

அன்புள்ள ஐயா,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ் மீடியத்தில் படித்தேன். பள்ளி லேபில் லினக்ஸ்தான். இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. லினக்ஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, அதன் மையப் பகுதியான கெர்னலின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கினேன். எதைத் திறப்பது என்றே பிடிபடவில்லை. முதல் வரியிலிருந்து படிக்க வேண்டுமா?

பி., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

வேண்டாம். கெர்னல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்கள்; பெரும்பாலானவை உங்கள் கணினியில் இல்லாத சிப்புகளுக்கானவை. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரிதான். அதை ஒரு விடுமுறையில் முழுக்கப் படிக்கலாம்.

பள்ளியிலேயே லினக்ஸ் கிடைத்தது நல்ல கொடுப்பினை. ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017ல் கைட் நிறுவனமாக மாறிய கேரள அரசுத் திட்டம், பள்ளி லேபுகளில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதன் பலன் வந்து சேர்ந்தது. ஆனால் உள்ளே திறந்து பார்க்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல ஆளில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சோர்ஸுக்குள் ஒரு கேள்வியோடு போங்கள். ஒன்றை நானே தருகிறேன். பெரிய வீடியோ ஒன்றை நகலெடுத்து, அந்த நகலை பிளேயரில் ஓடவிடுங்கள். ஓடும்போதே டெர்மினலில் ஆர்எம் என்ற கட்டளை கொடுத்து அழியுங்கள். (டிராஷில் போடுவது கணக்கில் வராது, அது வெறும் இடமாற்றம்.) படம் நிற்காது. காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் டிஸ்கில் இடமும் கூடியிருக்காது. அப்படியானால் எது ஓடிக்கொண்டிருக்கிறது?

ப்ராக் ஃபோல்டருக்குள் போங்கள். அது டிஸ்கில் இல்லை. நாம் கேட்கும்போது கெர்னல் அந்த நிமிடத்து நிலவரத்தை அங்கே எழுதிக் காட்டுகிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும், அதன் எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். பிளேயரின் ஃபோல்டரில் எஃப்டி என்பதற்குள் போய், பட்டியல் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கட்டளையைக் கொடுங்கள். அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் எண் வாரியாக வரும். நம் வீடியோவும் அங்கே இருக்கும், பக்கத்தில் 'டெலீட்டட்' என்ற குறிப்போடு. அந்த எண்ணை, நகலெடுக்கும் சிபி கட்டளை கொடுத்து நகலெடுத்தால் வீடியோ முழுசாகத் திரும்பக் கிடைக்கும்!

கோப்பு என்பது உண்மையில் ஐநோடு, அதாவது கோப்பின் விவரங்களையும் தரவு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதையும் வைத்திருக்கும் அமைப்பு. பெயர், அந்த ஐநோடைக் காட்டும் ஒரு பதிவு மட்டுமே. ஆர்எம் எடுப்பது பெயரைத்தான். பெயர் எதுவும் மிஞ்சாமல், திறந்து வைத்திருக்கும் ப்ராசஸும் இல்லாமல் போன பிறகே கெர்னல் இடத்தை விடுவிக்கும். சர்வரில் பெரிய லாக் கோப்பை அழித்தும் டிஸ்க் நிரம்பியே கிடப்பது பல நேரம் இதனால்தான்.

இனி சோர்ஸைத் திறக்கலாம். ஒரு நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி எஸ்ட்ரேஸ். இன்னொரு நகலை அதன் வழியாக ஆர்எம் ஓட்டி அழியுங்கள். அன்லிங்க்அட் என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) கண்ணில் படும். சோர்ஸின் எஃப்எஸ் ஃபோல்டரில் நேம்ஐ.சி கோப்பில் அதைத் தேடுங்கள். அடுத்து அதே ஃபோல்டரின் ஐநோட்.சி கோப்பில் ஐபுட் என்ற ஃபங்ஷன். கடைசிப் பிடி விட்டதும் நடப்பது அங்கே இருக்கிறது. இந்த இரண்டையும் நிதானமாகப் படியுங்கள், போதும். கல்லூரி லேபில் எஸ்ட்ரேஸ் இல்லையென்றால் பொறுப்பாளரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபுட்டில் எங்கே முட்டுகிறது என்று எழுதுங்கள், அந்த இடத்தைச் சேர்ந்து பார்ப்போம்.