வயர்ஷார்க் டிசிபி துண்டுகளை ஏன் சேர்த்துக் காட்டுகிறது?

ஓர் இணையப் பக்கத்தின் பதில் பல பாக்கெட்டுகளாக (சிறு தரவுப் பொதிகளாக) வந்தாலும், வலையமைப்பில் ஓடும் தரவைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் முழுப் பதிலும் கடைசி பாக்கெட்டின் கீழ்தான் தெரிகிறது. ஏன் என்பதே கேள்வி. சிதறி வந்த துண்டுகளை வரிசையாகச் சேர்த்து முழுச் செய்தியாக்குவதை மறுசேர்ப்பு என்கிறோம்.

கம்பிவழி வலையமைப்பான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டாது. முகவரி முதலிய விவரங்கள் போக, அதிகபட்சம் 1460 பைட்தான் சரக்குக்கு மிஞ்சும். பெரிய செய்தி துண்டாகித்தான் ஆக வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: செய்தி எங்கே முடிகிறது என்பது, தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே பைட் ஓட்டம். எல்லையை அறிந்தது, இணையப் பக்கங்களுக்கான எச்டிடிபி போன்ற மேலடுக்கு நெறிமுறைதான். பெரும்பாலும் 'நீளம் இவ்வளவு' என்ற குறிப்பைக் கொண்டு.

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து வேறிடத்தில் எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தேக்கு நிலைக்கதவின் ஒவ்வொரு சட்டத்திலும் ஆசாரி எண் எழுதிவிடுவார். எந்த லாரி முந்தி வந்தாலும், பூட்டுகிறவர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். டிசிபியின் வரிசை எண்ணுக்கும் அதே வேலை. ஆனால் அது எண்ணுவது பாக்கெட்டை அல்ல, பைட்டை: 1-இல் தொடங்கிய துண்டில் 1460 பைட் இருந்தால், அடுத்த துண்டின் எண் 1461. நடுவில் ஒன்று பதிவாகாமல் போனால் முழுச் செய்தி கிடைக்காது. முறைமாறி வந்தவற்றை வரிசைப்படுத்த வயர்ஷார்க்கின் டிசிபி அமைப்புகளில் தனித் தேர்வு உண்டு. அதை அவசியம் இயக்கிப் பாருங்கள்.

'மறுசேர்ப்புக்குரிய டிசிபி துண்டு' என்ற பொருளில் வயர்ஷார்க்கில் வரும் குறிப்பைக் கண்டு வலையமைப்பில் பழுது என்று பலர் பதறுகிறார்கள். அது பிழைச் செய்தி அல்ல, இத்துண்டின் முழு வடிவம் வேறொரு பாக்கெட்டின் கீழ் இருக்கிறது என்ற தகவல் மட்டுமே.