லாரிக்கு ஒரு மனைவி இருந்தாள்

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். மதியம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு படிப்பேன். அதுவும் சிரிப்பு வருகிற புத்தகமாக இருந்தால்தான். நாவல் எல்லாம் ஓடாது. யாராவது தான் பட்ட பாட்டைத் தானே சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் எனக்குப் போதும். முடித்ததும் பழைய டைரியில் ஓரிரண்டு வரி எழுதி மார்க் போட்டு வைப்பேன். மருமகன் வாங்கித் தந்த ஜெரால்ட் டரலின் 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' புத்தகத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன். போன மாதம் அவரே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அந்த வீட்டில் எல்லாரையும் கரித்துக்கொட்டிக்கொண்டே இருக்கும் மூத்த அண்ணன் லாரி, உண்மையில் மனைவியோடு வேறு வீட்டில் இருந்தாராம். அந்த மனைவி புத்தகத்திலேயே இல்லை! ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. இதற்கு நடுவில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர், "நீங்க படிக்கிறதெல்லாம் படிப்புலயே சேத்தி இல்லம்மா" என்கிறார். நூறை அடித்துவிடட்டுமா? டைரிக் குறிப்புகள் சிலவற்றை நகலெடுத்து இணைத்திருக்கிறேன்.

பி.கு: வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இருந்தபோது ஒருவர் பம்பாயிலிருந்த தம்பிக்குக் கால் போட்டு, "பசுவுக்குப் பொட்டைக் கன்னு பொறந்திருக்கு" என்று கத்தினார். லைனில் ஒரே கரகரப்பு. தம்பி காதில் 'வசுவுக்கு' என்று விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் பார்சலில் வெள்ளிக் கொலுசு! மனிதர் அதை எக்ஸ்சேஞ்சுக்கே கொண்டுவந்து காட்டினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எத்தனை லைன் அறுந்ததோ. இதெல்லாம் யார் எழுதுவார்கள்?

- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். நூறை அடிக்க வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் ஐந்து மார்க் குறைத்துக்கொள்ளுங்கள். எதற்காகக் குறைக்கிறோம் என்பதில் மட்டும் எனக்கு உங்களோடு கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

மருமகன் சொன்னது சரிதான். டரல் குடும்பம் 1935இல் இங்கிலாந்தின் மழையும் சளியும் தாங்காமல் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் கிளம்பியபோது ஜெரால்டுக்குப் பத்து வயது. (பையன் பிறந்தது ஜாம்ஷெட்பூரில். அப்பா நம் நாட்டிலேயே காலமானவர். முதல் அத்தியாயத்தில் அந்த அம்மாள் ராஜபுதனத்துச் சமையல் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பது அந்த வாசனையால்தான்.) லாரி என்கிற லாரன்ஸுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. மனைவி பெயர் நான்ஸி. இருவரும் பெரும்பாலும் தனிக்குடித்தனம். பிறகு கலாமி என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு வீடு. புத்தகம் வெளிவந்த 1956க்குள் அவர்களுக்கு விவாகரத்தே ஆகிவிட்டது.

ஜெரால்ட் முன்னுரையிலேயே கையை உயர்த்திவிடுகிறார். தீவின் பூச்சி, பறவைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தாராம். தொடக்கத்தில் குடும்பத்தாரை உள்ளே விட்டதுதான் தப்பாகப் போயிற்றாம், அப்புறம் அவர்களைக் கிளப்ப முடியவில்லையாம். அப்படி நுழைந்த குடும்பத்தை ஒரே கூரையின்கீழ் அடைத்தால்தான் ரகளை நடக்கும். தனிக்குடித்தனம் போன அண்ணன் அமாவாசைக்கு அமாவாசை வந்து காபி குடித்துவிட்டுப் போனால் அதில் என்ன சிரிப்பு இருக்கிறது?

என் அப்பாவிடம் ஒரு கதை உண்டு. மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, தப்பான சத்திரத்தில் நுழைந்து, முன்பின் தெரியாதவர்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்த கதை. நான் முதலில் கேட்டபோது மொய் 5 ரூபாய். கல்லூரிக்குப் போகிற வயதில் கேட்டபோது 11. என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 51 ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா இவரைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டதும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. எங்களுக்கு எதுவும் உறுத்தியதில்லை. கதை முடிகிற இடத்தில் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும்: "அந்தப் பந்தியில எனக்கும்தான் இலை போட்டாங்க." அப்பா சொல்லும் கதையில் அவர் எப்போதும் தனியாகத்தான் போவார்.

உங்கள் கடிதத்திலும் ஆச்சரியக்குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். லாரி எந்த வீட்டில் தூங்கினார் என்பதற்கு நீங்கள் ஆச்சரியக்குறி போடவில்லை. "அந்த மனைவி புத்தகத்திலேயே இல்லை!" என்ற இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்து மார்க்கை நான்ஸியின் பெயரில் குறையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த வகைப் புத்தகங்களில் மனைவி காணாமல் போவது புதிதும் இல்லை. நீங்கள் 85 போட்டிருக்கும் ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' (1889) பற்றிய உங்கள் குறிப்பு: "அன்னாசி டின்னைத் திறக்கிற இடத்தில் ஊஞ்சலிலிருந்து விழப் பார்த்தேன். நடுநடுவே ஆறு, அரண்மனை, ராஜா என்று வளர்க்கிறார். புரட்டிவிட்டேன்." நன்றாகச் செய்தீர்கள். ஜெரோமும் முதலில் எழுத நினைத்தது தேம்ஸ் நதியின் வரலாற்றையும் அழகையும்தான். தொடராக வந்தபோதே பத்திரிகை ஆசிரியர் அந்த வரலாற்றில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டார். அவர் வெட்டாமல் விட்ட மிச்சத்தைத்தான் நீங்கள் புரட்டினீர்கள்.

ஜெரோமுக்குக் கல்யாணம் ஆனது 1888இல். தேனிலவே தேம்ஸில் படகுப் பயணம்தான். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தவர் மனைவியைக் கரையில் இறக்கிவிட்டு நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டார். நண்பர்கள் நிஜ மனிதர்கள்: ஜார்ஜ் என்று வருபவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஹாரிஸாக வருபவர் அச்சுத்தொழில் நடத்தியவர். அவர்களோடும் ஜெரோம் படகு விட்டதுண்டு, அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடவே வருகிற மான்ட்மோரென்சி என்ற நாய் சுத்தக் கற்பனை. இருந்த மனைவியை இறக்கிவிட்டு இல்லாத நாயை ஏற்றிக்கொண்ட மனிதர்! முன்னுரையில் வேறு, எல்லாம் நிஜமாக நடந்தவை, சாயம் மட்டும் பூசியிருக்கிறேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்.

நம் பக்கம் வந்தால், இந்த வம்பைத் தலைப்பிலேயே தீர்த்துக்கொண்டவர் அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா முதல் ஆப்கானிஸ்தான் வரை வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். ஒரு புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. நாவல் என்று சொல்லித்தான் கொடுக்கிறார். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பால்காரரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டால் அப்புறம் சண்டை ஏது? உங்கள் டைரியில் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. முதலில் இதை வாங்குங்கள்.

மொய்ப்பணம் ஐம்பத்தொன்றானால் எனக்குக் கவலை இல்லை. அடி யார் முதுகில் விழுகிறது என்று மட்டும் பார்ப்பேன். நீங்கள் "மாட்டு டாக்டர் தங்கம்" என்று எழுதியிருக்கிற ஜேம்ஸ் ஹெரியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே பொய். நிஜப்பெயர் ஆல்ஃப் வைட். சொந்தப் பெயரில் எழுதினால் கால்நடை மருத்துவர் விளம்பரம் தேடுகிறார் என்று ஆகிவிடும் என்பதால், டிவியில் பார்த்த ஒரு கால்பந்து கோல்கீப்பரின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார். கதை 1937இல் தொடங்குகிறது. அவர் யார்க்‌ஷயரின் அந்த ஊருக்கு வேலைக்கு வந்ததே 1940இல்தான். பெயர் பொய், வருஷம் பொய். இருந்தும் யாரும் ஏமாந்ததாகச் சொல்வதில்லை. முதல் பக்கத்திலேயே நடுராத்திரியில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொழுவத்துக் கல்தரையில் படுத்து, தோள்வரை பசுவின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு கிடப்பவர் அவரேதான். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று குறை வேறு சொல்லிக்கொண்டிருப்பார்.

உங்கள் ஊரில் நடந்த ஒரு சம்பவமும் இந்த ஜாதிதான். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க இளைஞர் உ.வே.சா. போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முன்சீப். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்னும் அடுக்குகிறார். இவ்வளவுதானா என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார் முதலியார். இல்லை. தன் 85ஆவது வயதில், 1940இல் விகடனில் எழுதத் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் அந்தக் கிழவர் இதை மறைக்காமல் சொல்கிறார். பட்டியலை நீட்டி நீட்டித் தன் குட்டு உடைவதை நாம் பார்க்கும்படி வைக்கிறார். அது நகைச்சுவைப் புத்தகமே இல்லை. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருந்ததில்லை.

அமெரிக்க நகைச்சுவைக் கட்டுரையாளர் டேவிட் செடாரிஸுக்கு நீங்கள் 60 போட்டு, "சிரிப்பு வருகிறது, அப்புறம் ஒரு மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. சிறுவயதில் கிடார் சொல்லிக்கொடுத்த குள்ளமான வாத்தியாரை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பார். 2007இல் 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் ஒருவர் அவருடைய கட்டுரைகளைத் தோண்டித் துருவி, பல இடங்களில் கற்பனை கலந்திருப்பதாக எழுதினார். தன்னையும் தன் குடும்பத்தையும் அவர் கிண்டல் செய்யும்போது நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வாத்தியாரின் உயரத்தை வைத்து வருகிற சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது.

இறந்தவர்களின் உடலுக்கு என்னென்ன நேர்கிறது என்று சொல்கிற மேரி ரோச்சின் 'ஸ்டிஃப்' பற்றி உங்கள் குறிப்பு: "தட்டில் தலை. மூடிவிட்டேன்." நான் படித்ததிலேயே சுருக்கமான விமரிசனம் இதுதான். முக அறுவை சிகிச்சை பழக வந்த மருத்துவர்களுக்காக 40 மனிதத் தலைகளை அலுமினியத் தட்டுகளில் வைத்திருப்பதோடு அல்லவா முதல் அத்தியாயம் தொடங்குகிறது! சாப்பாட்டுக்குப் பிறகு படிக்க ஏற்றதில்லை. காலையில் முயன்று பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

வாசகர் வட்டத்து நண்பரோடு வாதாட வேண்டாம். நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவாவின் 'பார்ன் எ க்ரைம்' (2016) புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் 1984இல் பிறந்தவர். நிறவெறிச் சட்டப்படி அப்படிப் பிறப்பதற்கு அப்பா அம்மா செய்ததே குற்றம். குழந்தையைத் தெருவில் கையைப் பிடித்து அழைத்துப் போகவே அவர்கள் பயப்பட வேண்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைத்துக்கொண்டே போகிற புத்தகம், கடைசியில் வந்து நிற்பது முன்னாள் கணவனால் தலையில் சுடப்பட்ட அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகில். அழுகிற மகனைப் பார்த்து அந்த அம்மாள், இனிமேல் நம் வீட்டில் நீதான் அழகு என்று சமாதானம் சொல்கிறாள். அந்தப் பக்கத்தைத் தாண்டிய பிறகும் நண்பர் படிப்பில் சேர்த்தி இல்லை என்றால், புத்தகத்தை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பி.கு. யார் எழுதுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், நீங்கள்தான். பத்துப் பக்கம் போதும், மடலில் வைத்து இந்த முகவரிக்கே அனுப்புங்கள். வசு யார், அவளுக்கு அப்போது கல்யாணமாவது ஆகியிருந்ததா, கொலுசு கடைசியில் யார் காலுக்குப் போயிற்று, எல்லாம் வேண்டும். தம்பி அனுப்பியது ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா என்பதை உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன், கன்றுக்கு நாலு கால் இருக்கிறதே. ஒரு சந்தேகம் மட்டும்: "நாங்கள் சிரித்த சிரிப்பில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தது யார்?