வண்டி போனதா, போகலாமா

அன்புள்ள ஐயா,

தாத்தா காலத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வண்டி பக்கத்து நிலம் வழியாகத்தான் போகும். போன வருஷங்களில் அந்த நிலத்துக்காரர் கல் ஊன்றி அடைத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம். அவர் அப்பீல் போனார். எங்கள் சாட்சிகள் இரண்டு பேரையும் நம்ப முடியாது என்று சப் கோர்ட் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஹைகோர்ட் போகலாமா என்று கேட்டால், "இது ஃபேக்ட், அங்கே சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள்" என்கிறார் வக்கீல். உண்மையே தப்பாகிப்போன பிறகு இதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

வண்டி போனதா என்பது சங்கதி, உங்கள் வக்கீல் சொன்ன ஃபேக்ட். போனதால் பாத்தியம் வந்ததா என்பது சட்டம். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற பாத்தியங்களைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (ஈஸ்மென்ட் ஆக்ட்), 15ஆம் பிரிவு, 20 வருஷம் இடையூறில்லாமல், எல்லோரும் பார்க்க, உரிமையோடு நடந்திருக்க வேண்டும் என்கிறது. "அண்ணாச்சி, வண்டிய ஓட்டிக்கிடுதேன்" என்று உங்கள் தாத்தா கேட்டுவிட்டுப் போனாரா? சாட்சி வந்து சொன்னால்தான் தெரியும். கேட்டுக்கொண்டு போனவருக்கு உரிமை வருமா? இதற்குச் சாட்சிக் கூண்டு வேண்டாம், புத்தகம் போதும். வராது.

சப் கோர்ட்டில் நடந்தது முதல் அப்பீல், ஹைகோர்ட்டுக்குப் போவது இரண்டாம் அப்பீல். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1976 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் அப்பீலில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும். சங்கதியில் எவ்வளவு மோசமான பிழை இருந்தாலும் அதற்காக இரண்டாம் அப்பீல் கிடையாது என்று, வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1890லேயே சொல்லிவிட்டது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் நியாயம், சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி என்பது. உங்கள் வழக்கில் அது பொருந்தவில்லை. முகத்தைப் பார்த்த முன்சீப் நம்பினார். காகிதத்தை மட்டும் படித்த சப் ஜட்ஜ் நம்பவில்லை. ஆனாலும் சங்கதியில் கடைசி வார்த்தை சப் கோர்ட்டுடையதுதான். வழக்கு எங்காவது முடிய வேண்டுமே, அதற்காக வைத்த எல்லை இது. எனக்கு அவ்வளவாகப் பிடித்த எல்லை அல்ல.

ஆனால் ஒரு வாசல் உண்டு. கீழ்க்கோர்ட்டின் முடிவைத் திருப்புகிற அப்பீல் கோர்ட், அது சொன்ன காரணங்களை நேருக்கு நேர் எடுத்துப் பேசி, தன் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று சந்தோஷ் ஹஜாரி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்சீப் ஏன் நம்பினார் என்பதைத் தொடாமல், "நம்பத்தக்கதாக இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது சட்டப் பிழை. இடத்தைப் பார்த்துவர கோர்ட் அனுப்பிய கமிஷனரின் ரிப்போர்ட்டில் வண்டித்தடம் குறித்திருந்தும் அதைப் பார்க்கவே இல்லை என்றாலும் அப்படித்தான்.

இன்னொன்று, கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தின் கடைசியில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உட்பட" என்று இருக்கிறதா? பத்திரத்தில் உள்ள வார்த்தைக்கு என்ன பொருள், அது யாரைக் கட்டும் என்பது சட்டக் கேள்வி. சாட்சிகள் இரண்டு பேரும் பொய்யர்களாகவே இருந்தாலும் அந்த வரி அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வக்கீலிடம் போங்கள். நகல் வாங்க ஆன நாள் போக, ஹைகோர்ட்டுக்கு 90 நாள்தான் கெடு. சப் கோர்ட் தீர்ப்பின் தேதியை நீங்கள் எழுதவில்லை.