தட்டோடு மூடும் முன் போனை எடுங்கள்

கேள்வி: நங்கநல்லூரில் இருக்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, பதினாலு வருஷமாகச் சொந்தமாக வாட்டர்ப்ரூஃபிங் வேலை எடுத்துச் செய்கிறேன். மொட்டை மாடி, பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்வோம். வேலையில் குறை சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. ஆனாலும் மூன்று வருஷமாக விசாரித்து வருகிற போன்கள் குறைந்துகொண்டே போகின்றன. பேசுகிறவர்களும் 'சதுர அடிக்கு எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அண்ணன் மகன், 'சித்தப்பா, வீடியோ போடுங்க, உங்க பேரே பிராண்டாகணும்' என்கிறான். எனக்குக் கேமராவைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வேலை தெரிந்தவன் வேலையைத்தானே பார்க்க வேண்டும்? தொழில் நுணுக்கத்தை ஊருக்கே சொல்லிவிட்டால் நாளைக்கு எவனும் செய்துவிட மாட்டானா? மனைவியோ கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை-61

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரி. அவன் சொல்கிற காரணத்தைவிட வலுவான காரணம் ஒன்று உங்கள் தொழிலிலேயே இருக்கிறது.

ஒரு தச்சர் செய்த கதவு இருபது வருஷம் வாசலில் நின்று அவருக்காகப் பேசும். வருகிறவர் போகிறவர் எல்லாம் தடவிப் பார்த்து, 'யார் செய்தது?' என்று கேட்பார்கள். உங்கள் வேலையை யார் பார்க்கிறார்கள்? தளத்தைச் சுரண்டி, விரிசலை அடைத்து, இரண்டு கோட்டிங் கொடுத்து, மூலைகளை வளைத்துப் பூசி முடிக்கிறீர்கள். அப்புறம் அதன் மேல் தட்டோடு, அதாவது மாடியில் பதிக்கிற தட்டையான ஓடு, பதித்து மூடிவிடுகிறீர்கள். நல்ல வேலையும் அரைகுறை வேலையும் அந்த நிமிஷத்திலிருந்து மேலே பார்க்க ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த ஐப்பசி கார்த்திகையில்தான் தெரியும். அதிலும் வேலை நன்றாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒழுகாத வீட்டுக்காரருக்கு உங்களை நினைத்துப் பார்க்கக்கூடக் காரணம் இருக்காது. 'வேலை பேசும்' என்று நம்பி எல்லாத் தொழிலிலும் சும்மா இருந்துவிட முடியாது. உங்கள் தொழிலில் வேலை வாயே திறக்காது. அதற்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

சதுர அடி ரேட் விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் ஏன் அதை மட்டும் கேட்கிறார்? அவருக்கு ஒப்பிடத் தெரிந்தது அது ஒன்றுதான். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறார். மூன்றிலும் ஏதோ ஒரு கெமிக்கல் பெயரும் கீழே ஒரு தொகையும் இருக்கின்றன. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை யார் எப்படிப் பூசுவார்கள், தண்ணீர் வழிந்தோடத் தளத்தில் விடும் வாட்டத்தை (சரிவை) சரிபார்ப்பார்களா, வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டிவைத்துச் சோதித்துக் காட்டுவார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாதவர் குறைந்த தொகையைத்தான் எடுப்பார், அது அவர் தப்பு இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேலை தெரிந்த நீங்கள். சொல்லிக்கொடுத்த பிறகு அவர் உங்களிடமே வராவிட்டாலும், அடுத்த ஆளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பார். பதில் வராதபோது உங்கள் நம்பரைத் தேடுவார்.

நம் ஊர் வியாபாரிகளுக்கு இது புதிதும் இல்லை. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் விளம்பரங்களில் தானே வந்து நின்று, விலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்கூலி, சேதாரம் என்றால் என்ன என்றே யோசிக்காமல் நகை வாங்கிக்கொண்டிருந்த பலரை அது பில்லைத் திருப்பிப் பார்க்க வைத்தது. 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கிய சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்பு பாக்கெட்டை எப்படி விற்றார்? ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், கூட்டத்துக்கு நடுவே சிறுவர்களின் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். இன்றைக்கு நாம் 'டெமோ வீடியோ' என்று சொல்வது அதைத்தான். முகத்தைக் காட்டுவதற்கும் பழைய உதாரணம் உண்டு. விஜிபியில் விற்பனையாளராக இருந்து, 1978இல் வசந்த் அன் கோவைத் தொடங்கிய எச்.வசந்தகுமாரின் சிரித்த முகம் இல்லாத விளம்பரத்தை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஃபிரிட்ஜும் மிக்ஸியும் எல்லாக் கடையிலும் ஒரே கம்பெனியுடையவை. தவணைக்கு வாங்கப் போன நடுத்தரக் குடும்பத்துக்கு, கடைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே தைரியம் கொடுத்தது.

அவர்களுக்கு விளம்பரத்துக்குப் பணம் இருந்தது, எனக்கு ஏது என்பீர்கள். உங்கள் கையில் இருக்கிற போன் போதும். இன்று ஒரு அபார்ட்மென்ட்டில் சீலிங் ஒழுகினால் என்ன நடக்கிறது? வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்கிறார், நாலு நம்பர் வருகிறது. அவர் உடனே போன் செய்வதில்லை. நாலு பெயரையும் கூகுளிலும் யூடியூபிலும் போட்டுப் பார்க்கிறார். பழைய வாடிக்கையாளர் அன்போடு அனுப்பிய உங்கள் நம்பர் அங்கே வெறும் பத்து எண்களாக நிற்கிறது. பக்கத்து நம்பர்காரர் ஒரு மொட்டை மாடியில் நின்று விரிசலைக் காட்டிப் பேசுகிறார். விசாரிப்பு மூன்று வருஷமாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வாய்வழிப் பேர் போய்விடவில்லை. அந்தப் பேரைக் கேட்டவர் சரிபார்க்கப் போகும் இடத்தில் நீங்கள் இல்லை.

சரி, என்ன பேசுவது? நடிக்க வேண்டாம், பின்னணி இசை வேண்டாம், 'வணக்கம் நண்பர்களே' கூட வேண்டாம். வாடிக்கையாளர் உங்களிடம் போனில் என்ன கேட்கிறாரோ, அவர் வார்த்தையிலேயே அதைத் தலைப்பாக வையுங்கள். 'மழை விட்டு மூணு நாள் ஆச்சு, இன்னும் சீலிங்ல தண்ணி சொட்டுதே, ஏன்?' இது உங்களுக்கு வந்த கேள்வியாகத்தான் இருக்கும். இதற்கான பதில் பழைய மாடிகளில் இருக்கிறது. கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய ஓர் அடுக்கு. அதன் மேல் தட்டோடு. தட்டோட்டின் இணைப்புகளில் சிமென்ட் விட்டுப்போனால் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் இறங்கித் தங்கிவிடும். மழை நின்றாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை இப்படி ஒரு மாடியில் தட்டோட்டைப் பெயர்க்கும்போது, ஈரமாக வரும் அந்த ஜல்லியை ஒரு கை அள்ளிப் பிழிந்து காட்டுங்கள். 'மேல வெயில் அடிக்குது, உள்ள பாருங்க சார் எப்படி ஊறிக் கெடக்குது' என்று உங்கள் மேஸ்திரியிடம் சொல்வதுபோலவே சொல்லுங்கள். கேமரா உங்கள் கையைப் பார்க்கட்டும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கையில் வேலை இருந்தால் நாக்கு ஒட்டாது.

மேல் வீட்டு பாத்ரூம், கீழ் வீட்டு சீலிங் சண்டை இன்னொன்று. சென்னை அபார்ட்மென்ட்களில் இதனால் முகம் பார்த்துப் பேசாத குடும்பங்கள் எத்தனை! குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவுக் குழாய்ப் பக்கமோ தரையிலோ சந்தேகப்படலாம், யாரும் பாத்ரூமைப் பயன்படுத்தாத நாளிலும் சொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வரும் லைனில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம் என்று நீங்கள் விளக்கி ஒரு வீடியோ போட்டால், அது எத்தனை அசோசியேஷன் குரூப்களில் சுற்றும் என்று நினைக்கிறீர்கள்? டைல்ஸை உடைப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள் என்று சொன்னவரைத்தான், உடைக்க வேண்டி வந்தால் கூப்பிடுவார்கள்.

எப்போது போடுவது என்பதை உங்கள் தொழிலின் காலண்டரே சொல்லும். சென்னையில் ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஆனாலும் ஜனங்கள் நவம்பரில், சுவர் நனைந்த பிறகுதான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அப்போது தளம் காயாது, ஆள் கிடைக்காது, அவசரத்துக்கு ஒட்டுப் போட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். தளம் நன்றாகக் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் மாடியை எப்படிச் சோதிப்பது என்று போடுங்கள். செப்டம்பரில் மழைநீர்க் குழாயின் வாயிலிருந்து இலையும் மண்ணும் எடுப்பதைப் போடுங்கள். இதைப் பார்த்து நாலு பேர் தானே குழாயைச் சுத்தம் செய்து வீட்டைக் காப்பாற்றிக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த நாலு பேருக்கும் உங்கள் பேர் தெரிந்துவிட்டது. கோடையிலும் உங்கள் ஆட்களுக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொழில் ரகசியம் பற்றிய பயம் உண்மையானது, உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தக் கெமிக்கலை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று அந்த வாளி மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். போட்டியாளருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவரிடம் இல்லாதது, தளம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற உங்கள் பதினாலு வருஷக் கை. அதை வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட முடியாது. வீட்டுக்காரர் தானே செய்ய முயன்றால், பாதியில் உங்களைத்தான் கூப்பிடுவார். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ரேட், எந்தக் கடையில் என்ன தள்ளுபடிக்கு வாங்குகிறீர்கள் என்பது, இவை இரண்டையும் மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. சொந்த வீடு, பிள்ளைகள், வாங்கிய வண்டி, இந்த மாத வரவு எதுவும் வீடியோவில் வர வேண்டாம். பிராண்ட் என்றால் வாழ்க்கையைத் திறந்துவைப்பது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை, வேலையைக் காட்டினால் போதும். அதேபோல வாடிக்கையாளர் வீட்டில் எடுக்கும்போது முதலிலேயே அனுமதி கேளுங்கள். பெயர்ப் பலகையும் கதவு எண்ணும் தெரியக் கூடாது. உங்களுக்கு முன் வேலை செய்தவரைப் பேர் சொல்லித் திட்டவும் வேண்டாம். 'இந்த மூலையில் வளைவு விடவில்லை, அதனால் பிளந்திருக்கிறது' என்று சொன்னால் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

மேஸ்திரிகளையும் பேசவிடுங்கள். எல்லா வீடியோவிலும் நீங்களே வந்தால், நாளைக்கு ஒவ்வொரு சைட்டிலும் 'சார் நேர்ல வந்தாத்தான் ஆச்சு' என்பார்கள். ஒரே நாளில் மூன்று இடத்தில் உங்களால் நிற்க முடியாது. அது மட்டும் இல்லை, தன் வேலையை நாலு பேர் பாராட்டிப் பார்க்கிற மேஸ்திரி அவ்வளவு சுலபமாக இன்னொருவரிடம் போக மாட்டார்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 'ஆயுள் கேரண்டி', 'நூறு சதவீதம் ஒழுகாது' என்றெல்லாம் சொல்லாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பத்து வருஷம் தாங்கும் என்று நீங்கள் பேசிய வீடியோ பதினோராவது மாதம் வாடிக்கையாளர் போனில் இருக்கும். எத்தனை வருஷம், எதற்கு மட்டும், எது சேராது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுபடி ஒழுகி, நீங்கள் போய்ச் சரிசெய்த வேலை இருந்தால் அதையும் போடுங்கள். எங்கே தண்ணீர் வழி கண்டுபிடித்தது, எப்படி அடைத்தீர்கள் என்று காட்டுங்கள். பத்துப் பளபளப்பான வீடியோவைவிட அந்த ஒன்றை நம்பிப் போன் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.

நேரம் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும், ஒரு நிமிஷம் போதும். வெட்டி ஒட்டும் வேலையை அண்ணன் மகனிடம் கொடுங்கள், சும்மா வாங்காமல் மாதம் ஒரு தொகையும் கொடுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலின் பெயரைப் பதிவுசெய்து, முடித்த வேலைகளின் படங்களையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் எண்ணி மனம் சோர்ந்துபோக வேண்டாம். டெல்லியில் இருந்து பத்தாயிரம் பேர் பார்ப்பதைவிட மடிப்பாக்கத்தில் இருந்து நாற்பது பேர் பார்ப்பது உங்களுக்கு நல்லது. அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் போடுங்கள். போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் 'எங்க பார்த்துக் கூப்பிடறீங்க?' என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே அவர் முதலில் கேட்டது ரேட்டையா, வேலையையா என்றும் குறியுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.